யார் எழுதியது, எப்போது எழுதியது: உயர்தரத்தில் வரலாறு கற்பவர்களுக்கு

உயர்தரப் பரீட்சையில் வரலாற்றுப் பாடத்துக்கு நான் முதல் தடவை பெற்றது சாதாரண சித்தி. இரண்டாம் தடவை பெற்றது ஏ. இடைப்பட்ட ஓராண்டில் புதிதாக மனனம் செய்த ஆண்டுகளும் பெயர்களும் மிகக் குறைவு. நூல்களை வாசிக்கும் முறைதான் மாறியது. வன்னியிலிருந்து இந்தப் பாடத்துக்குத் தோற்றவிருக்கும் மாணவர்களுக்கு, குறிப்பாக என்னைப் போல ஆலயத்தில் கேட்ட கதைகளின் வழியாக வரலாற்றில் ஆசை கொண்டவர்களுக்கு, அந்த மாற்றம் எப்படி வந்தது என்று சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் வீடு மடுவுக்குப் போகும் வீதியை அண்டிய ஊரில் இருந்தது. இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் கையில் எடுத்துச் சென்ற பொருட்கள் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் தறப்பாள் கொட்டிலில் எஞ்சியிருந்த புத்தகம் விவிலியம் ஒன்றுதான். வாசிக்க வேறெதுவும் இல்லாத அந்த மாதங்களில் லூக்கா நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத் தொடக்கத்துக்குத் திரும்பத் திரும்பப் போனேன். திருமுழுக்கு யோவான் போதிக்கத் தொடங்கிய காலத்தைக் குறிக்க, திபேரியு சீசருடைய ஆட்சியின் 15 ஆம் ஆண்டு, யூதேயாவில் பொந்தியு பிலாத்து ஆளுநர், கலிலேயாவில் ஏரோது, தலைமைக் குருக்களாக அன்னாவும் கயபாவும் என்று லூக்கா அடுக்கிக்கொண்டு போகிறார். திபேரியு கி.பி. 14 இல் ஆட்சிக்கு வந்தவர் என்று பின்னர் ஒரு நூலில் கண்டதும், விவிலியத்தின் பின்னட்டையில் பென்சிலால் கூட்டிப் பார்த்தேன். 28 அல்லது 29 என்று வந்தது. மறைக்கல்வி வகுப்பில் கேட்ட ஒரு சம்பவத்துக்கு உரோம அரசின் கணக்கில் ஓர் ஆண்டு கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து வரலாற்று நூல் என்றால் எனக்குப் பசி மாதிரி. கிறிஸ்தவர்களை வெறுத்த உரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ்கூட, 64 ஆம் ஆண்டு உரோமையில் பற்றிய தீயைப் பற்றி எழுதும்போது, கிறிஸ்து பிலாத்துவின் காலத்தில் தண்டிக்கப்பட்டதைக் குறிப்பிடுகிறார் என்று அறிந்தபோது, நண்பனின் சாட்சியத்தைவிடப் பகைவனின் சாட்சியம் சில வேளைகளில் கனமானது என்பதையும் கண்டுகொண்டேன்.

ஆனால் ஆசை மட்டும் புள்ளி தராது. முதல் தடவைப் பரீட்சையின் பின்னர், போர்த்துக்கேயர் காலம் பற்றி நான் எழுதியிருந்த பயிற்சி விடைகளை ஒரு மூத்த ஆசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் முழுவதையும் பொறுமையாக வாசித்துவிட்டு, "பிள்ளை, இது பிரசங்கம். வினாவுக்கு விடை எங்கை?" என்று கேட்டார். நான் மறைசாட்சிகளைப் போற்றியிருந்தேன், மன்னனைத் தூற்றியிருந்தேன். எந்த மூலாதாரம் என்ன சொல்கிறது என்று ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. அவர் சொன்னது சரி என்று உணர இரண்டு நாட்கள் எடுத்தன.

அந்த ஆசிரியர் எனக்குத் தந்த பயிற்சி ஒரே சம்பவத்தைப் பல கைகளில் வாசிப்பது. 1544 இல் மன்னாரில் யாழ்ப்பாண மன்னன் முதலாம் சங்கிலியின் கட்டளைப்படி புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற ஏறத்தாழ 600 பேர் கொல்லப்பட்டதை எடுத்துக்கொண்டோம். புனித பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குரு ஒருவரிடம் திருமுழுக்குப் பெற்றவர்கள் அவர்கள். இதைப் பற்றி விரிவாக எழுதும் பெர்ணாவோ தே குவைரோஸ் அடிகளார் தம் நூலை முடித்தது 1687 அளவில், அதாவது சம்பவம் நடந்து ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர். அவர் போர்த்துக்கேயர், இயேசு சபைக் குரு, கோவாவில் இருந்து எழுதியவர். மறுபக்கம், ஒல்லாந்த அதிகாரி ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையும் அந்தப் படுகொலையைச் சொல்கிறது. ஆனால் அது 16 ஆம் நூற்றாண்டின் சங்கிலியையும், 1619 இல் போர்த்துக்கேயரிடம் தோற்ற சங்கிலி குமாரனையும் ஒருவராகக் கலந்துவிடுகிறது. இரண்டு நூல்களும் வேறு வேறு காரணங்களுக்காக எழுதப்பட்டவை. இரண்டும் ஒத்துப்போகும் இடத்தை உறுதியாக எழுதலாம். விலகும் இடத்தில் ஏன் விலகுகின்றன என்று கேட்கவேண்டும். அப்படிக் கேட்டபோதுதான், முத்துக்குளிப்பு நடந்த கரையில் மதம் மாறிய மக்கள் போர்த்துக்கேய மன்னனின் பாதுகாப்புக்குள் போய்விடுவார்கள் என்ற அரசியல் அச்சம் என் கண்ணில் பட்டது. மன்னனின் செயலை அது நியாயப்படுத்தாது, இறந்தவர்களின் விசுவாசத்தையும் குறைக்காது. காரணத்தை விளக்குகிறது, பரீட்சை கேட்பதும் அதைத்தான்.

இதற்காக ஒரு சி.ஆர். கொப்பியில் மூன்று நிரல்கள் கீறினேன்: என்ன நடந்தது, யார் சொல்கிறார், எத்தனை ஆண்டுகளின் பின் சொல்கிறார். ஒல்லாந்தர் பகுதியை இந்தக் கொப்பியில் எழுதியபோது என் எண்ணம் ஒன்று உடைந்தது. 1658 இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்குப் போனதும் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருமாருக்கு அடைக்கலம் தருவது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. தடை விதித்தவர்களும் கிறிஸ்தவர்கள், புரட்டஸ்தாந்து சபையினர். 1687 இல் மாறுவேடத்தில் வந்து சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளாரை முதலில் ஒற்றன் என்று ஐயுற்றுச் சிறையிட்டாலும், பின்னர் தன் நாட்டில் பணியாற்ற அனுமதித்தவன் பௌத்தனான கண்டி மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன். நம்மவர், பிறர் என்ற கோட்டோடு இந்தக் காலத்தை எழுதினால் விடை பிழைத்துவிடும்.

ஒரு நாள் அந்தக் கொப்பியை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மாந்தையில் இருந்த அன்னையின் திருச்சுருவத்தை 1670 இல் 20 குடும்பங்கள் காட்டுவழியே இன்றைய மடுவான மருதமடுவுக்குக் கொண்டுவந்தன என்பது எங்கள் ஊரில் எல்லோரும் அறிந்த மரபு. அதற்கு நேரே "சமகால எழுத்துச் சான்று கிடைக்கவில்லை, வாய்வழி மரபு" என்று எழுதியிருந்தேன். அம்மம்மா வருந்துவார் என்று பயந்தேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "காட்டுக்குள்ள ஒளிச்சிருந்த சனம் எழுதி வைச்சுப் பிடிபடுறதே பிள்ளை?" என்றார். நான் நான்காவதாக ஒரு நிரல் கீறினேன்: ஏன் எழுதப்படவில்லை. ஒடுக்கப்பட்டவர்களின் வரலாற்றில் சான்று மௌனமாக இருப்பதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்பதையும், அந்தக் காரணத்தைச் சொல்வது வேறு, மரபை நிரூபணமாக எழுதுவது வேறு என்பதையும் அந்த நிரல்தான் எனக்குக் கற்பித்தது.

உங்கள் ஊரிலேயே பயிற்சிக்கு இடமுண்டு. ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நாட்டிய கல்லின் வாசகம், கப்டன் வொன் டிறிபேர்க் வன்னித் தலைவன் பண்டார வன்னியனை 1803 ஒக்டோபர் 31 அன்று அவ்விடத்துக்கு அண்மையில் தோற்கடித்தார் என்று சொல்கிறது. கல்லில் உள்ள சொல் "தோற்கடித்தார்". "கொன்றார்" என்று அதில் இல்லை. ஆனால் அங்கேதான் அவன் இறந்தான் என்று எழுதும் மாணவர்கள் பலர். அதே ஆண்டு ஓகஸ்ட் 25 அன்று அவன் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றியதற்கு அவர்கள் கல் நாட்டவில்லை என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

பரீட்சை மண்டபம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கட்டுரை வினாவில் "விளக்குக" என்றால் காரணங்களை எழுதுங்கள். "மதிப்பிடுக" என்றால் இரு பக்கமும் எழுதி உங்கள் முடிவைத் துணிந்து சொல்லுங்கள். முதற்பந்தியிலேயே வினாவுக்கு நேரான விடை இருக்கவேண்டும். வரைபடத்தைப் பார்த்துப் படித்தால் போதாது, கையால் கீறிப் பழகவேண்டும். ஐரோப்பியப் பகுதியில் கத்தோலிக்க மாணவர்கள், லூதர் எதிர்ப்பைத் தொடங்கிய 1517 க்கு முந்திய பாவமன்னிப்புச் சீட்டு முறைகேடுகளை மெதுவாகத் தொட்டுவிட்டு நகர்வதைக் கண்டிருக்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள். 1545 இல் தொடங்கிய, கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்துப் பொதுச்சங்கமே சீர்திருத்தத் தேவையை ஏற்றுக்கொண்டது.

வாசிக்கத் தொடங்க விரும்புவோர் யாழ்ப்பாண வைபவமாலையையும், அதை வரிவரியாகச் சோதித்து சுவாமி ஞானப்பிரகாசர் 1928 இல் வெளியிட்ட யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தையும் எடுத்துக்கொள்ளலாம். அமலமரித் தியாகிகள் சபைக் குருவான அவர் சான்றுகளை நிறுத்துப் பார்க்கும் விதத்தைக் கவனியுங்கள். பழைய ஈழத்து நூல்கள் பல நூலகம் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்து, சங்கிலி பற்றிய பக்கங்களை மட்டும் முதலில் வாசியுங்கள். ஒரு வார இறுதி போதும்.