எறும்புக் கூட்டில் குடியிருப்பு

மேற்குக் கென்யாவின் ககமேகா காட்டிலிருந்து திரும்பி மூன்று நாட்களாகிவிட்டன. அங்கே பார்த்த வெளிர்மஞ்சள் புள்ளி மரங்கொத்தி (Buff-spotted Woodpecker) இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

ஒரு சாண் நீளம்கூட இல்லை. முதுகு பாசிப் பச்சை. மார்பும் வயிறும் கரும்பச்சை, அதன்மேல் அரிசியை அள்ளித் தெளித்ததுபோல் வெளிர்மஞ்சள் புள்ளிகள். ஆண் பறவைக்குப் பிடரியில் மட்டும் ஒரு சிவப்புத் தீற்றல். 1837-இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டிய ஆங்கிலேயப் பறவையியலாளர் ஸ்வைன்சன், 'நிவோசா' என்றார். லத்தீனில் 'பனி படர்ந்தது' என்று பொருள். பனியையே அறியாத காட்டுப் பறவைக்கு எவ்வளவு அழகான பெயர்!

தாழ்ந்த கிளையொன்றில் எறும்புகள் கட்டிய கருத்த உருண்டைக் கூடு. வாலை ஊன்றி அதன்மேல் ஒட்டிக்கொண்டு கொத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கொத்துக்கும் தூள் உதிர்ந்தது. எறும்புகள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு கொதித்து வந்தன. அது அசரவில்லை, நாக்கை நீட்டி நக்கி எடுத்தது. இந்தப் பறவை முட்டையிடுவதும் பெரும்பாலும் மரத்திலிருக்கும் எறும்பு, கறையான் கூடுகளைக் குடைந்துதான். சாப்பாடும் வீடும் ஒரே இடத்தில். கடிக்கும் எறும்புகளுக்கு நடுவே குஞ்சு பொரிக்கும் அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

செனகல் பக்கத்திலிருந்து நீளும் இதன் வாழிடம் ஏறக்குறைய இங்கேதான் முடிகிறது. காட்டின் ஓரத்தில் நின்று பார்த்தால், அடுத்த அடியிலேயே வயல்களும் வீடுகளும். அந்த விளிம்பில் நின்றபோது நெஞ்சு பதறியது. இந்த மரங்கள் இப்படியே நிற்க வேண்டும்.