ஸ்டோரேஜ் நிர்வாக சர்வரில் ஓட்டை

மார்ச் 4, செவ்வாய்

காலையில் திறந்த முதல் மெயிலே இதுதான். எங்கள் டேட்டா இருக்கும் ஸ்டோரேஜ் பெட்டிகளை எல்லாம் நிர்வகிக்கிற மென்பொருளில் ஓட்டை, தீவிரம் பத்துக்கு 9.8, லாகின்கூட இல்லாமல் நெட்வொர்க்கில் எட்டுகிற யார் வேண்டுமானாலும் தங்கள் நிரலை அதில் ஓட்டிவிடலாம். காரணம் பழைய கதைதான், ஜாவா டீசீரியலைசேஷன்: வந்த பைட்டுகளை அனுப்பியது யார் என்று கேட்காமலே ஆப்ஜெக்டாகப் பிரிக்கிறது, பிரிக்கும்போதே உள்ளே ஒளித்துவைத்த கட்டளை ஓடிவிடுகிறது. காமன்ஸ் கலெக்‌ஷன்ஸ் என்ற ஜாவா லைப்ரரியை வைத்து இதைச் செய்யலாம் என்று 2015லேயே ஊரறியக் காட்டியாயிற்று. இன்னமும் இப்படியே எழுதுகிறார்கள், எரிச்சலாக இருக்கிறது.

"அது ஓடுவது சின்ன விர்ச்சுவல் மெஷினில்தானே, டேட்டா அதில் இல்லையே" என்றார் மேலாளர். இல்லைதான் சார், ஆனால் எல்லாப் பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டும் அங்கேதான் இருக்கிறது, போதாக்குறைக்கு அந்த சர்வீஸ் ரூட் என்ற முழு அதிகாரத்தோடு ஓடுகிறது. உள்ளே வந்தவன் முதலில் ஸ்னாப்ஷாட்டுகளை, அதாவது டேட்டாவை மீட்க எடுத்துவைத்த பிரதிகளை, அழிப்பான், அப்புறம் டேட்டா இருக்கும் லன்களையே (சேமிப்புப் பகுதிகளை). டேட்டாவை முடக்கிப் பணம் கேட்கிற ரான்சம்வேர்காரர்களுக்கு இந்த வரிசை அத்துப்படி.

மார்ச் 5, புதன்

ஓட்டையை அடைக்கும் பேட்ச் தயார், ஆனால் மாற்றங்கள் செய்ய அனுமதித்த நேரம் (சேஞ்ச் விண்டோ) சனிக்கிழமைதான். அதுவரை சர்வீஸை நிறுத்திவைப்போம் என்றதும் எல்லோர் முகமும் மாறிவிட்டது. ஸ்டோரேஜ் என்ற சொல்லைக் கேட்டாலே பயம்! படிப்பதும் எழுதுவதும் ஃபைபர் சேனல் என்ற தனி இணைப்பு வழியாக நேரே பெட்டிக்குப் போகின்றன, இந்த சர்வர் அந்தப் பாதையிலேயே இல்லை என்று படம் போட்டுக் காட்டியபிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டியிருந்தது: எப்போது ஸ்னாப்ஷாட் எடுப்பது என்ற சில கால அட்டவணைகள் பெட்டியில் இல்லாமல் இந்த சர்வரிலேயே இருந்தன. அவற்றைப் பெட்டிக்கு மாற்றிவிட்டு இரவு நிறுத்தினோம்.

மார்ச் 6, வியாழன்

ஏற்கனவே யாராவது நுழைந்திருந்தால்? நெட்வொர்க் டீம் சேமித்துவைத்திருந்த பாக்கெட்டுகளைப் புரட்டினேன். ஜாவா சீரியலைஸ் செய்த எதுவும் ஏசி ஈடி 00 05 (AC ED 00 05) என்ற பைட்டுகளில்தான் தொடங்கும். தேடினால் ஏராளமாகச் சிக்கியது, ஆனால் எங்கள் சொந்த கிளையன்ட் மென்பொருளே அதைத்தான் நாள் முழுக்க அனுப்புகிறது. அதனால் அனுப்பிய முகவரியைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது, அப்படியே ஜாவா ப்ராசஸ் எங்காவது ஷெல்லை (கட்டளைகளை ஓட்டும் நிரலை) திறந்திருக்கிறதா என்றும் பார்த்தேன். நிர்வாகத்துக்கென்று பிரித்துவைத்த நெட்வொர்க்குக்கு (விலான்) வெளியிலிருந்து எதுவும் வரவில்லை, ஷெல்லும் இல்லை.

மார்ச் 8, சனி

பேட்ச் போட்டாயிற்று, அது சீக்கிரமே முடிந்துவிட்டது. பாஸ்வேர்டுகளை மாற்றுவதுதான் இழுத்தது. ஒரு பெட்டியின் பாஸ்வேர்டை மாற்றியதும் பேக்கப் ஜாப் ஒன்று விழுந்தது, தேடிப் பார்த்தால் என்றோ வேலையை விட்டுப் போனவர் எழுதிய ஸ்கிரிப்டில் பழைய பாஸ்வேர்டு அப்படியே எழுதியிருக்கிறது. அந்த ஸ்கிரிப்டுக்குப் படிக்க மட்டும் உரிமையுள்ள தனி அக்கவுன்ட் கொடுத்தோம். பேரிடர் வந்தால் கைகொடுக்கும் மாற்றுத் தளத்திலும் (டிஆர்) இதே சர்வர் ஒன்று இருக்கிறது, இப்போதைக்கு நிறுத்தித்தான் வைத்திருக்கிறோம். அதற்குத் திங்கட்கிழமை பேட்ச்.