வீசையில் வழுக்கிய சோப்பு

பர்மாவில், பெகு நகருக்கு வெளியே நாங்கள் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு தற்சார்புப் பண்ணை நடத்துகிறோம். மழை ஓய்ந்ததும் அங்கே இரண்டு நாள் செய்முறைப் பட்டறை. ரங்கூனிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் கடந்து வருகிறவர்களுக்கு ஜீவாமிர்தம் என்னும் இயற்கை உரத்தைக் கரைக்கப் பெரியப்பா கற்றுத் தருவார். சோப்புக் காய்ச்சும் பாடம் என் தலையில் விழுந்தது.

காய்ச்சுவது என்று பேச்சுக்குத்தான் சொல்கிறோம், அடுப்பே பற்றவைப்பதில்லை. காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, ஆறவைத்து, எண்ணெயில் ஊற்றிக் கிண்ட வேண்டும். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும். அலுமினியப் பாத்திரமும் ஆகாது, சோடா அதை அரித்துவிடும். ஆகவே பெரியம்மாவின் எவர்சில்வர் குண்டானை அவர் சந்தைக்குப் போன நேரம் பார்த்து எடுத்தேன். சோப்பு காய நான்கு வாரமாகும் என்பதால், வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு மாதிரியை முன்கூட்டியே செய்து வைப்பதுதான் திட்டம்.

ஒரு கிலோ தேங்காயெண்ணெய்க்கு 174 கிராம் சோடா. நகை நிறுப்பவனைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு சோடாவை நிறுத்தேன். எண்ணெயை நிறுக்கவில்லை. கடையில் நிறுத்துத்தானே கொடுத்தார்கள்!

தோசை மாவுப் பதம் வரும் என்று கிண்டினேன். கை மரத்துப்போனதுதான் மிச்சம். ஒருவழியாக அச்சில் ஊற்றினேன். பத்து நாள் கழித்துப் பெரியம்மா ஒரு விரலை வைத்துப் பார்த்தார். விரல் இரண்டாவது கணு வரை உள்ளே போனது.

"என்னடா இது, சோப்பா அல்வாவா?"

"காய்ந்தால் சரியாகிவிடும், பெரியம்மா."

"என் குண்டானில்தானே கிண்டினாய்?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

அன்றிரவுதான் பொறி தட்டியது. கடைக்கார அக்காவிடம் "அமா, தேங்காயெண்ணெய்" என்று சொல்லி ஒரு விரலைக் காட்டியிருந்தேன். இந்த ஊரில் ஒரு விரல் என்றால் ஒரு வீசை, அதாவது 1.63 கிலோ. அதற்கு 284 கிராம் சோடா வேண்டும். பிறந்தது முதல் வெங்காயத்தையும் கருவாட்டையும் வீசைக் கணக்கில் வாங்கியவன், தமிழ்நாட்டுச் சொந்தக்காரர் அனுப்பிய குறிப்பைக் கண்டதும் கிலோக்காரனாகிவிட்டேன். அங்கே வீசை மறைந்தே போயிற்று. அது வழக்கில் இருந்த காலத்திலும் ஏறக்குறைய 1.4 கிலோதான். கடல் தாண்டி வந்த வீசை இங்கே கொஞ்சம் சதை போட்டிருக்கிறது.

குறைந்த 110 கிராம் சோடாவைக் கரைத்து, அல்வாவை உருக்கி, மறுபடி கிண்டினேன். இம்முறை பதம் வந்தது. பெருமையோடு பெரியப்பாவிடம் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தவர், திடீரென்று நிறுத்தினார்.

"ஜீவாமிர்தத்துக்கு வெல்லம் எத்தனை என்று எழுதிக் கொடுத்தாய்?"

"200 லிட்டர் தண்ணீருக்கு இரண்டு."

"இரண்டு என்ன?"

ஒத்திகைக்காக அவர் கரைத்து வைத்திருந்த பீப்பாயை ஓடிப்போய்ப் பார்த்தோம். பட்டறைக்கு எறும்புகள் மூன்று வாரம் முன்னதாகவே வந்து சேர்ந்திருந்தன.