ஒரே புத்தகம், ஒரே வினாத்தாள், ஒரே மாவட்டம்

ஜூன் 6, 2025

திருவண்ணாமலையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் மெட்ரிக் பள்ளியில் பத்தாவது. பள்ளி திறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, கணக்கில் 'உறவுகளும் சார்புகளும்' முடிந்து, 'எண்களும் தொடர்வரிசைகளும்' பாதி வரை வந்துவிட்டார்கள். மே மாதமே ஸ்பெஷல் கிளாஸ் வைத்தார்களாம்.

எங்கள் ஜவ்வாது மலைப் பள்ளியிலும் இதே புத்தகம்தான். மெட்ரிக்குக்கு ஒன்று, அரசுப் பள்ளிக்கு ஒன்று என்று இருந்த பாடத்திட்டங்களை ஒன்றாக்கச் சமச்சீர் கல்விச் சட்டம் 2010இல் வந்தது. 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றமும் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. புத்தகம் சமமாகிவிட்டது. அதை நடத்த ஆள்?

ஜூன் 10

கணக்கு சார் மாறுதலில் இறங்கிப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. குடும்பம் கீழே, மலைப் பஸ்ஸை நம்பித்தான் பிழைப்பு. அறிவியலோடு கணக்கையும் நானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் தலைமையாசிரியர்.

எங்களுடையது பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளி. இதே மலையில் வனத்துறைப் பள்ளிகள் உண்டு, ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளும் உண்டு. பல துறைகளிடம் உள்ள பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையின்கீழ் கொண்டுவருவோம் என்று 2023 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். எந்தத் துறையிடம் இருந்தாலும் சரி, காலிப்பணியிடத்தை ஜூனிலேயே நிரப்பட்டும்.

ஜூலை 3

ஒன்பதாம் வகுப்பில் 1535ஐ 5ஆல் வகுக்கச் சொன்னேன். ஒரு பையன் 37 என்று எழுதினான். 15இல் மூன்று போட்டான். அடுத்து 3 இறங்கியதும் "போகாது மிஸ்" என்று 5ஐயும் சேர்த்து இறக்கினான். நடுவில் பூஜ்யம் போட வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"அஞ்சாவது வரைக்கும் எல்லா கிளாஸுக்கும் ஒரே சார்தான் மிஸ். அவரும் மீட்டிங் போயிருவாரு."

அது ஈராசிரியர் பள்ளி. ஒரு பணியிடம் காலி. இருக்கிற ஒருவர் எமிஸ் தளத்தில் பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் வேலையையும் பார்த்து, ஐந்து வகுப்பையும் எப்படி மேய்ப்பார்? அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். தலையை எண்ணுகிறார்கள், வகுப்பை எண்ணுவதில்லை. மலைக்கு இந்தக் கணக்கு ஆகாது என்று எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறேன்.

இன்று அல்ஜீப்ராவைத் தள்ளிவைத்துவிட்டு பீரியட் முழுக்க வகுத்தல் போட்டோம். கடைசியில் 4218ஐ 6ஆல் வகுத்து 703 என்று அவனே எழுதினான். வகுப்பே கைதட்டியது.

ஆகஸ்ட் 9

மாநிலக் கல்விக் கொள்கை நேற்று வெளியானது. பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இனி இல்லை. அந்தத் தேர்வு 2017-18இல் வந்ததே, தனியார் பள்ளிகள் பல பதினொன்றாவது பாடத்தைத் தாண்டி நேரே பன்னிரண்டுக்குப் போனதால்தான். பிள்ளைகளின் சுமை குறைவது நல்லதுதான். ஆனால் யார் எந்தப் பாடத்தை நடத்தினார்கள் என்று இனி யார் பார்ப்பது?

செப்டம்பர் 24

காலாண்டுக் கணக்குத் தேர்வு முடிந்தது. பத்தாவதில் பாதிப் பேர் தேறவில்லை. பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகக் கணக்கு ஆசிரியர் ஒருவர் ஆகஸ்ட் கடைசியில்தான் வந்தார். மலையிலேயே பிறந்து படித்த பெண், நன்றாக நடத்துகிறார். வேலை இந்தக் கல்வியாண்டு வரைதான்.

விடுதியில் மாலை ஒரு மணி நேரம் ஆறு முதல் ஒன்பது வரை எல்லோருக்கும் அடிப்படைக் கணக்கு என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம். தலைமையாசிரியர் சரி என்றுவிட்டார். விடுமுறை முடிந்ததும் தொடக்கம்.