தூணடிக் குழி

வேலையில் சேர்ந்த முதல் வருடம். வெள்ளம் வடிந்த ஒரு காலையில் ஆற்றுப்பாலத்தின் தூண்களைப் பார்வையிடப் போயிருந்தேன். தூணைச் சுற்றி மணல், பெருக்கிவிட்ட களம் போலச் சமமாகக் கிடந்தது. ‘அரிப்பு இல்லை’ என்று குறிப்பேட்டில் எழுதினேன். கூட வந்த மூத்த பணியாளர் ஒன்றும் பேசாமல், கையிலிருந்த இரும்புக் கம்பியைத் தூணுக்கு ஒரு முழம் தள்ளி ஊன்றி அழுத்தினார். சம்மட்டி இல்லாமலே ஆளுயரம் இறங்கிவிட்டது. இருபதடி தள்ளி ஊன்றியபோது இரண்டு சாணுக்கு மேல் போகவில்லை.

“தோண்டின தண்ணீரே மூடிவிட்டும் போயிருக்கிறது, சார்.”

எழுதியதை அடித்தேன்.

கல்லூரி ஆய்வகத்தின் கண்ணாடித் தொட்டியில் இதைப் பார்த்தவன்தான் நான். மணல் பரப்பி, நடுவில் குழாய் ஒன்றை நட்டு, நீரைத் திறந்துவிடுவோம். மேல்மட்ட நீருக்கு வேகம் அதிகம், அடிமட்டத்தில் குறைவு. அதனால் குழாயில் மோதும் நீர் அதன் முகத்தை ஒட்டிக் கீழே பாய்கிறது. அடியில் சுருண்டு, லாடம் போல இரு பக்கமும் வளைத்துக்கொண்டு போகிறது. முதலில் இரு தோள்களிலும் சிறு பள்ளம் விழும். பிறகு இரண்டும் முன்பக்கம் வந்து சேரும். தூணின் பின்னால்தான் குழி விழும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் ஆழம் இருப்பது நீர் வந்து மோதும் பக்கத்தில். வெள்ளம் தணிந்ததும் மேலிருந்து வரும் மணல் அதை நிரப்பிவிடும். அந்த மணலுக்கு இறுக்கம் கிடையாது.

குழி எவ்வளவு ஆழம் போகும் என்ற கணக்கு எளிதுதான். சாலை, பாலங்களுக்கு விதி வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பின் விதிப்படி சராசரி அரிப்பு ஆழத்தைத் தூணருகே இரண்டு மடங்காக எடுத்துக்கொள்வோம். அதை வெள்ள மட்டத்திலிருந்து அளக்க வேண்டும்; படுகையிலிருந்து அளந்துவிட்டு விழிக்கும் புதியவர்களை இன்றும் பார்க்கிறேன். மணல் அள்ளிப் படுகையே தாழ்ந்துபோன ஆற்றில், வெள்ளம் வருவதற்கு முன்பே அடித்தளத்தின் பிடிப்பில் ஒரு பங்கு போய்விடுகிறது. 2018 ஆகஸ்டில் திருச்சி கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம் வெள்ளத்தில் தூண்களோடு சரிந்தபோது அதில் போக்குவரத்து இல்லை. நல்லவேளை.

இப்போது வெள்ளம் ஓடும்போதே பாலத்தின் மேலிருந்து எடைக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிப் பார்க்கிறோம். நீர் இழுத்துக் கயிறு சாயும். சாய்வுக்குக் கழித்துத்தான் ஆழத்தை எழுத வேண்டும். ஓர் ஐப்பசி மாலையில், மூன்றாம் தூணருகே மூன்று மணி நேரத்தில் கயிறு எட்டடி கூடுதலாக இறங்கியது. தை மாதம் போனபோது அதே இடத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஸ்டம்பு சுலபமாக இறங்கியிருக்கும்.