காகங்களைக் கவனித்துப் பார்த்த பத்து வாரங்கள்

வேதாகமத்தில் லூக்கா சுவிசேஷம் 12-ஆம் அதிகாரத்தின் 24-ஆம் வசனம் ‘காகங்களைக் கவனித்துப் பாருங்கள்’ என்று தொடங்குகிறது. ஞாயிறு பள்ளிக் காலத்திலிருந்து மனப்பாடமாக இருந்த அந்த வசனத்தில் ‘தேவன் பிழைப்பூட்டுகிறார்’ என்ற முடிவைத்தான் நான் பிடித்து வைத்திருந்தேனே தவிர, தொடக்கத்தில் உள்ள கட்டளையை ஒரு நாளும் கைக்கொண்டதில்லை. ஈஸ்டர் கழிந்த சில வாரங்களில், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டை ஒட்டிய வேப்பமரத்தில் ஒரு காக்கை இணை சுள்ளி சேர்க்கத் தொடங்கியது. ஒரு நோட்டையும் பைனாகுலரையும் எடுத்துக்கொண்டு தினமும் காலை 6 மணிக்கு மொட்டைமாடிக்குப் போகத் தொடங்கினேன்.

ஏப்ரல் 22 முதல் மே 4 வரையிலான குறிப்புகளில் பெரும்பாலும் கட்டுமானம்தான். வேப்பஞ்சுள்ளிகளோடு கட்டுக்கம்பித் துண்டுகளும் வந்தன. ஒரு கம்பியை மூன்று முறை கீழே தவறவிட்டும், அதே கம்பியையே எடுத்து வந்து, அலகால் வளைத்துச் செருகியதைப் பார்த்தேன். இரண்டாம் வாரம் ஆர்வ மிகுதியில் கைப்பிடிச் சுவர் வரை சென்றுவிட்டேன். காகம் பின்னாலிருந்து வந்து தலையில் கொத்திவிட்டது. அதன்பின் தண்ணீர்த் தொட்டியின் மறைவில் குடையோடு உட்கார்ந்தேன்.

மே 5 அன்று, இலைகளின் இடைவெளியில், பழுப்புப் புள்ளியிட்ட நீலப்பச்சை முட்டையொன்று தெரிந்தது. மே 7-ஆம் தேதிக் குறிப்பு சற்று நீளமானது. கறுத்த ஆண்குயில் எதிர்க்கிளையில் வந்து உரக்கக் கூவ, இரண்டு காகங்களும் அதைத் துரத்திக்கொண்டு தெருமுனை வரை பறந்தன. அந்த இடைவெளியில் புள்ளிகள் நிறைந்த பெண்குயில் கூட்டுக்குள் நுழைந்து, நான் கடிகாரத்தைப் பார்த்து முடிக்கும் முன் வெளியேறிவிட்டது. பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். இருந்தாலும் கண்முன் நடந்தபோது எனக்குக் கோபமே வந்தது.

குயில் முட்டை ஏறக்குறைய 13 நாளில் பொரியும். காக்கை முட்டைக்கு 16, 17 நாளாகும். மே 20 அன்று ஒரு சிவந்த வாய் தெரிந்தபோதே அது யாருடையது என்று ஊகித்தேன். சில நாட்களில் வேறு இரண்டு வாய்களும் சேர்ந்துகொண்டன. மே 27 அன்று ஒரு மணி நேரம் எண்ணியதில், தாயும் தகப்பனும் 14 முறை இரை கொண்டுவந்தன: புழு, ஓணான் வால், எங்கோ எடுத்த சோற்றுக் கவளம், ஒருமுறை மைனாக் குஞ்சு. அந்த மைனாக் குஞ்சை நோட்டில் எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்து, பிறகு எழுதினேன். கவனித்துப் பார் என்று சொன்னவர், பிடித்ததை மட்டும் பார் என்று சொல்லவில்லை.

இந்த இடத்தில் வேதத்தைத் திரும்பப் புரட்டினேன். லேவியராகமம் 11-ஆம் அதிகாரம் காகங்களைப் புசிக்கத் தகாத, அருவருப்பான பறவைகளோடு சேர்க்கிறது. மத்தேயு பொதுவாக ஆகாயத்துப் பட்சிகள் என்று எழுதும் அதே போதனையில், லூக்கா அந்தத் தீட்டுப் பறவையையே பெயர் சொல்லிக் காட்டுகிறார். கேரீத் ஆற்றண்டையில் எலியா தீர்க்கதரிசிக்கு அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தவையும் காகங்களே. 147-ஆம் சங்கீதத்தில் தேவன் ஆகாரம் கொடுப்பது கூப்பிடுகிற காக்கைக் குஞ்சுகளுக்கு. நான் பார்த்த கூட்டிலும் அப்படித்தான் நடந்தது: கூப்பிட்ட வாய் எதுவோ, அதற்கு இரை போனது. ‘பிழைப்பூட்டுகிறார்’ என்ற சொல்லைச் சிறுவயதில் நான், வானத்திலிருந்து இரை விழுவதுபோல் கற்பனை செய்திருந்தேன். அந்த ஒரு மணி நேரத்தின் 14 பயணங்களைக் கண்ட பிறகு அந்தப் படம் மறைந்துவிட்டது. எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் இதைச் சொன்னேன், அவர் சிரித்துக்கொண்டே, “கூட்டுக்குள்ளேயே கொண்டுவந்து போடுவார்னு எங்கேயும் எழுதியிருக்கா தம்பி?” என்றார்.

ஜூன் முதல் வாரம் மேல்காற்று ஆரம்பித்தது. மரம் முழுவதும் ஆடியபோதும் கூடு அவிழவில்லை. அந்தக் கம்பி வேலைதான் தாங்கியிருக்க வேண்டும். ஆனால் ஜூன் 6 காலை, காக்கைக் குஞ்சுகளில் ஒன்று மரத்தடியில் செத்துக் கிடந்தது. அன்றைய பக்கத்தில் தேதியைத் தவிர வேறெதையும் எழுத எனக்கு மனம் வரவில்லை. மத்தேயு 10-இல் வரும், பிதாவின் சித்தமில்லாமல் தரையிலே விழாத அடைக்கலான் குருவி நினைவுக்கு வந்தது. அந்த வசனமும் குருவி விழாது என்று சொல்லவில்லை.

ஜூன் 15 வாக்கில் குயில் குஞ்சு கிளைக்கு வந்தது. எஞ்சிய காக்கைக் குஞ்சு அதற்கு நான்கு நாள் கழித்து வந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இந்தக் காக்கை அந்நியக் குஞ்சையும் பொன்னாகவே நடத்தியது. ஜூன் 28 காலை, அம்மா கைப்பிடிச் சுவரில் வைத்த இட்லித் துண்டைக் காகம் எடுத்தது. அருகில் கத்திக்கொண்டிருந்த தன் குஞ்சைத் தாண்டிப் போய், சிறகை நடுக்கிக் கெஞ்சிய குயில் குஞ்சின் வாயில் அதை வைத்தது. பிறகு திரும்பி வந்து சுவரில் உட்கார்ந்து, அடுத்த துண்டுக்காக அம்மாவைப் பார்த்தது. அம்மா இன்னொரு இட்லி எடுத்துவர உள்ளே போனார்.