வாங்கிலிருந்து எண்ணியவன்

கல்லூரிப் பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு எங்கள் சிங்கப்பூர்க் கிளைச் செயலாளர் மூன்றாவது தடவையாக வாட்ஸ்அப்பில் தட்டியபோது, நான் வீட்டுக்குக் கீழே உள்ள கூடைப்பந்துத் திடலில், பையில் கட்டி வாங்கிய கோப்பியோடு நின்றுகொண்டிருந்தேன். மகனும் அவன் கூட்டாளிகளும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பொடியன் பந்தைத் தட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்க, என் வாய் தன்பாட்டில் எண்ணத் தொடங்கிவிட்டது. பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது... மகனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அப்பா, இது சும்மா விளையாட்டு. இங்க கிளாக்கே இல்ல" என்றான்.

கிளாக் இல்லாத இடத்தில்தான் அவன் அப்பா எண்ணவே பழகினான் என்பது அவனுக்கு எங்கே தெரியும்!

2003ஆம் ஆண்டு, பெப்ரவரி. யுத்தத்தில் மூடிக் கிடந்த ஏ9 பாதை, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் தரைப்பாதை, முந்தின வருடம் ஏப்ரலில்தான் திறந்திருந்தது. கொழும்பில் ஒரு பாடசாலை, பருவத் தொடக்கத்தில் தான் நடத்தும் சுற்றுப்போட்டிக்கு எங்கள் 19 வயதுக்குட்பட்ட அணியைக் கூப்பிட்டிருந்தது. எங்களில் முக்கால்வாசிப் பேர் அதுவரை வவுனியாவைக்கூடத் தாண்டாதவர்கள். விடிய 5 மணிக்கு மினிபஸ்ஸில் வெளிக்கிட்டோம், முகமாலைச் சோதனைச்சாவடியில் இறங்கி ஏறினோம், ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறங்கி ஏறினோம், ஒவ்வொரு இடத்திலும் பைகளைத் திறந்து காட்டினோம். ஓரிடத்தில் சோதித்தவர் எங்கள் பந்தை அமத்திப் பார்த்து, நிலத்தில் இரண்டு தரம் தட்டிப் பார்த்து, சிரித்துவிட்டுத் தந்தார். அந்தப் பந்தில் சொரசொரப்பு என்று ஒன்றுமே மிச்சமில்லை, வழுக்கைத் தலைபோல இருக்கும். அதற்காகத்தான் சிரித்தார் என்று கப்டன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தான்.

எங்கள் மாஸ்ரர் எண்பதுகளின் தொடக்கத்தில் விளையாடியவர். அருமையான ஆட்டக்காரராம், எங்கள் அப்பாமார் சொல்வார்கள். அவர் பழக்கிய ஆட்டத்துக்கு அவர் வைத்த பெயர் பொறுமை. பந்தை வெளியே சுற்றிச் சுற்றிக் கொடுத்து, எதிரணி களைத்து வாய் பிளக்கும்போது, றிங்குக்குக் கீழே நிற்கும் எங்கள் நெடுவலின் கைக்கு அனுப்புவது. யாழ்ப்பாணத்தில் அது நன்றாகவே வேலை செய்தது, ஏனென்றால் அங்கே யாரும் விநாடி பார்ப்பதில்லை. சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம் 2000ஆம் ஆண்டிலேயே சட்டத்தை மாற்றிவிட்டது. 20 நிமிடப் பாதிகள் இரண்டு போய் 10 நிமிடப் பகுதிகள் நான்கு வந்தன, பந்து கையில் உள்ள அணி றிங்கை நோக்கி எறிந்தாக வேண்டிய 30 விநாடி 24 ஆனது, பந்தைப் பாதிக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக இருந்த 10 விநாடி 8 ஆனது. நாங்கள் இதையெல்லாம் கேள்விப்படாமல் இல்லை. கேள்விப்படுவது வேறு, காலுக்குள் இறங்குவது வேறு.

முதல் ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகியிராது, மேசையிலிருந்து ஹோர்ன் அடித்தது. ஆள் மாற்றுகிறார்களாக்கும் என்று எங்கள் பொடியள் நின்றுவிட்டார்கள். மத்தியஸ்தர் பந்தைப் பிடுங்கி மற்றப் பக்கம் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஹோர்ன். அது திறந்தவெளித் திடல், விநாடி காட்டும் பலகை இல்லை, மேசையில் ஒருவர் கையில் விநாடிமானியோடு இருப்பார், அவ்வளவுதான். கொழும்புப் பொடியளுக்கு அது தேவையுமில்லை, 24 விநாடி அவர்கள் உடம்பிலேயே ஓடியது. எங்களுக்கு ஒவ்வொரு ஹோர்னும் எங்கிருந்தோ வந்து விழும் அடி. 61க்கு 22. நான் அந்த ஆட்டத்தில் ஒரு நிமிடமும் இறங்கவில்லை, மாற்று ஆட்டக்காரர் இருக்கும் வாங்கில் இருந்து தண்ணீர்ப் போத்தல்களைக் காவல் காத்தேன்.

இரவு வெள்ளவத்தையில் நாங்கள் தங்கியிருந்த வீட்டு மொட்டைமாடியில் கொத்துரொட்டிப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒருவரும் பேசாமல் சாப்பிட்டோம். மாஸ்ரர் கை கழுவிவிட்டு வந்து, "பிழை என்ரை. நான் பழைய சட்டத்துக்குத்தான் உங்களைப் பழக்கிப்போட்டன்" என்றார். பதினாறு வருடமாகச் சிங்கப்பூரில் அலுவலகக் கூட்டங்களில் குந்தியிருக்கிறேன். பொறுப்பில் உள்ள ஒருவர் இப்படி நேராகச் சொல்லி நான் இன்னும் கேட்கவில்லை. அப்புறம் மாஸ்ரர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு எங்களைப் பந்தில்லாமலேயே ஓடவிட்டார். பத்துக்குள் உள்ளே வா, பதினாலில் ஆளைப் பார், இருபதில் எறி. கீழ்வீட்டுக்காரர் வந்து சத்தம் போடும்வரை ஓடினோம்.

அடுத்த நாள் எனக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது. வாங்கிலிருந்து எண்ணுவது. பதினாலில் ஒரு கத்து, இருபதில் "எறி!" என்று ஒரு கத்து. மத்தியஸ்தர் இரண்டு தரம் என்னை உட்காரச் சொன்னார், உட்கார்ந்துகொண்டே கத்தினேன். பிரச்சினை என்னவென்றால் நெஞ்சு அடித்த வேகத்தில் எண்ணிவிட்டேன். நான் இருபது என்னும்போது உண்மையில் பதினைந்தோ பதினாறோதான் ஆகியிருக்கும், பொடியள் பதறிப் பதறி எறிய, பந்து றிங்குக்குப் பின்னால் உள்ள போட்டில் பட்டுத் திரும்பி வந்தது. 44க்கு 41, தோற்றோம். மூன்றே புள்ளி. கப்டன் என் சட்டைக் கொலரைப் பிடித்து, "டேய், உன்ரை நிமிசத்துக்கு நாப்பது விநாடியோ?" என்று கேட்டான். இன்றைக்கும் கனடாவிலிருந்து போன் எடுத்தால் அவன் முதலில் கேட்பது இதைத்தான்.

மூன்றாவது ஆட்டத்துக்கு மாஸ்ரர் தன் கடிகாரத்தை என் கையில் கட்டிவிட்டார். பிரிவில் முதல் இரண்டு அணிகள்தான் அடுத்த சுற்றுக்கு, நாங்கள் ஏற்கெனவே வெளியே, ஆகவே அந்த ஆட்டத்துக்குக் கணக்கில் ஒரு பெறுமதியும் இல்லை. ஆனால் அப்படி ஒரு ஆட்டத்தை நான் அதற்குப் பிறகு எங்கள் அணியிடம் பார்த்ததில்லை. பொறுமையும் இருந்தது, வேகமும் இருந்தது. நெடுவலுக்குப் போகிற பந்து போகிற நேரத்துக்குப் போனது, அவனை இரண்டு பேர் மறித்தால் அது வெளியே வந்து கப்டனின் கையிலிருந்து மூன்று புள்ளியானது. மூன்றாம் பகுதியில் எதிரணிக்கே ஒரு ஹோர்ன் அடித்தபோது எங்கள் வாங்கு முழுக்க எழும்பி நின்று துள்ளியது. 49க்கு 43, வென்றோம்.

கடைசி ஒரு நிமிடத்துக்கு என்னை இறக்கினார்கள். கடிகாரத்தைக் கழற்றி மாஸ்ரரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். பந்து கைக்கு வந்தது, முன்னால் வந்தவன் என்னை மறித்தான், நான் தட்டினேன், திரும்பினேன், அட, எனக்கும் விளையாட வருகிறதே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஹோர்ன் அடித்தது. முழு அணிக்கும் எண்ணிக் கொடுத்தவன் தனக்கு எண்ண மறந்துவிட்டான்.

2006 ஆகஸ்டில் பாதை திரும்ப மூடிவிட்டது. அந்த 12 பேரில் இப்போது நான்கு பேர் ரொறன்ரோவில், இரண்டு பேர் லண்டனில், ஊரில் மூன்று பேர், சுவிஸில் ஒருவன், இங்கே நான். ஒருவன் இல்லை. அவனைப் பற்றி இந்தக் கட்டுரையில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரித் திடலுக்கு மின்சாரப் புள்ளிப்பலகை வாங்கிக் கொடுப்பதாகக் கிளையில் பேச்சு அடிபடுகிறது. பளபளவென்று படம் எடுக்க நன்றாக இருக்கும். என்னைக் கேட்டால் முதலில் இரண்டு போட்டுக்கும் மேலே 24 விநாடிக் கடிகாரம் ஒவ்வொன்று வையுங்கள், றிங்கில் பட்ட பந்தை எறிந்த அணியே திரும்பப் பிடித்தால் 14 விநாடியிலிருந்து மறுபடி எண்ணுகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள், இப்போதைய சட்டம் அதுதான். இன்னொன்று, போன டிசம்பரில் ஊருக்குப் போனபோது அளந்து பார்த்தேன், மூன்று புள்ளிக் கோடு மாஸ்ரர் அந்தக் காலத்தில் கயிறு பிடித்துக் கீறிய அதே 6.25 மீற்றரில்தான் இருக்கிறது. 2010இலேயே அது 6.75 ஆகிவிட்டது. அரை மீற்றர் தள்ளிக் கீற வேண்டும். அளவுநாடா என்னிடம் இருக்கிறது, பெயின்ற் காசு யார் தருகிறீர்கள்?